வௌவாலுக்கு வைத்த கொய்யா

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் கொஞ்ச நேரம் பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். எதைப் பற்றி என்று கேட்டேன். "உங்க அனுபவம் மேடம், எதுன்னாலும் சரி" என்றார்கள். ஓய்வு பெற்ற ஒரு மனுஷியிடம் எதுன்னாலும் சரி என்று சொல்லக் கூடாது. முட்டிவலியில் ஆரம்பித்து மருமகளில் போய் நிற்கும். அதனால் நானே ஒரு வரம்பு போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். ஒரு மரம், அதில் தொங்கிய வௌவால்கள், அதன் கீழே நின்ற மனிதர்கள். அவ்வளவுதான்.

நான் ஆவடிப் பக்கம் பல வருடம் மாட்டு டாக்டராக இருந்தவள். ஓய்வுக்குச் சில வருடம் முன்னால் காட்டு உயிர்களின் நோய்களைப் பார்க்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். மாடு பார்த்த காலத்தில் எஸ்தர் டாக்டர் என்றால் எல்லோருக்கும் தெரியும். மாற்றலுக்குப் பிறகு வௌவால் டாக்டரம்மா ஆகிவிட்டேன். அம்பத்தூரில் எங்கள் சபையில் நான் உட்காரும் பெஞ்சில் இரண்டு பக்கமும் இடம் காலியாகவே இருக்கும். பாட்டுப் புத்தகம், கைப்பை, குடை எல்லாவற்றையும் தாராளமாகப் பரப்பி வைத்துக்கொள்வேன்.

வௌவாலை எப்படிப் பிடிப்பது, மருந்தை எந்த அளவில் கலப்பது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடாதவர்கள் யாராவது இருந்தால் இப்போதே எழுந்து போய்ப் போட்டுக்கொண்டு வரலாம். கதை காத்திருக்கும்.

திருவேற்காட்டில் ஒரு குட்டை. அதன் கரையில் ஓர் ஆலமரம். மரம் நிறையப் பழந்தின்னி வௌவால்கள். எதிரே புதிதாக எழும்பிய அடுக்குமாடிக் குடியிருப்பு. அதை விற்றபோது 'ஏரிக்கரை வாழ்வு' என்று விளம்பரம் செய்திருந்தார்கள். ஏரி என்றது அந்தக் குட்டையைத்தான். வௌவால்களைப் பற்றி விளம்பரத்தில் ஒன்றும் இல்லை.

மரத்திலிருந்து வௌவால்கள் விழுகின்றன என்று தகவல் வந்து, நான் பார்க்கப் போனேன். போய்ச் சேர்ந்த நேரத்தில் குடியிருப்பின் கேட்டிலிருந்து ஒரு வெள்ளைக் கார் வெளியே வந்தது. அதன் முன்கண்ணாடி மேல் ஒரு வௌவால் பொத்தென்று விழுந்தது. காரோட்டியவர் பதறிப்போய் வைப்பரைப் போட்டுவிட்டார். வௌவால் என்ன செய்யும்? பிடித்துத் தொங்குவதுதான் அதற்குத் தெரிந்த ஒரே வேலை. வைப்பரைப் பிடித்துக்கொண்டது. இடது பக்கம் போயிற்று, வலது பக்கம் வந்தது, மறுபடி இடது பக்கம் போயிற்று. உள்ளே அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வேறு எதையோ அழுத்த, சோப்புத் தண்ணீரும் பீய்ச்சி அடித்தது.

ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினேன். "சார், வைப்பரை நிறுத்துங்க."

ஒரு விரல் அளவு கண்ணாடி இறங்கியது. "நிறுத்தினா உள்ள வந்துரும் மேடம்."

"கண்ணாடிதான் மூடியிருக்கே."

"இப்பத் தொறந்திருக்கேன்லா" என்றவர் அவசரமாக ஏற்றிக்கொண்டார்.

துண்டைப் போட்டு வௌவாலை எடுத்தேன். எலும்பும் தோலுமாக இருந்தது. முதுகில் முடி கொட்டி, இறக்கை முழுக்க வெள்ளைப் பொருக்குத் தட்டி, ஓரங்கள் கிழிந்திருந்தன. சொறிப்பூச்சி. நாய்க்கும் மாட்டுக்கும் வருவதைப் போலத்தான். ஆனால் நாய் சொறிந்துகொண்டே தெருவில் பிழைத்துக்கொள்ளும். வௌவாலுக்கு இறக்கை போனால் பறக்க முடியாது, பறக்காவிட்டால் சாப்பாடு இல்லை. மேலே பார்த்தேன். கிளைக்குக் கிளை அதே மாதிரி உடம்புகள் சோர்ந்து தொங்கிக்கொண்டிருந்தன.

கார்க்காரர் பெயர் சண்முகராஜன். கோவில்பட்டிக்காரர், கணினி நிறுவனம் ஒன்றில் வேலை, குடியிருப்போர் சங்கச் செயலாளர். தலையில் எப்போதும் ஒரு தொப்பி இருக்கும். காரை விட்டு இறங்கி, காருக்குப் பின்னால் நின்றுகொண்டு பேசினார்.

"மரத்த வெட்டச் சொல்லி நகராட்சிக்கு எழுதப் போறோம் மேடம். அடுத்த கூட்டத்துல தீர்மானம் போடுதோம். கேரளால வௌவாலால காய்ச்சல் வந்து எத்தன பேரு செத்தாங்கன்னு பேப்பர்ல பாத்தீங்கல்லா?"

"இப்ப வெட்டினா என்ன ஆகும் தெரியுமா சார்? எல்லாம் செதறி ஊர் பூரா போகும். நோயோட போகும். இப்ப எந்த மரத்துல இருக்குன்னாவது எனக்குத் தெரியுது. குணமாக்க எனக்குக் கொஞ்ச நாள் குடுங்க."

யோசித்தார். கூட்டத்தைத் தள்ளிப்போடுவதாகச் சொன்னார். மனிதர் பயந்தவரே தவிர, கெட்டவர் இல்லை. பயந்தவர்களிடம் அவகாசம் கேட்கலாம், கொடுப்பார்கள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

காட்டு வௌவாலை ஒவ்வொன்றாகப் பிடித்து மருந்து கொடுக்க முடியாது. பிடிக்கும் அதிர்ச்சியிலேயே பாதி செத்துவிடும். நல்ல தெம்புள்ளவை பொழுது சாய்ந்ததும் தூரமாகப் பறந்துபோய்த் தின்றுவிட்டு வரும். பறக்க முடியாத நோயாளிகள் மட்டும் மரத்திலேயே கிடக்கும். அவற்றுக்குக் கைக்கெட்டும் தூரத்தில், மருந்து தடவிய கொய்யாத் துண்டுகளைக் கம்பியில் கோத்துக் கட்டினேன். எது தின்றது, எது தின்னவில்லை என்று தெரிய வேண்டுமே. அதற்காகக் கேக்கில் போடும் நீலச் சாயத்தையும் கலந்தேன். தின்ற வௌவாலின் வாய் நீலமாகிவிடும்.

அந்த மரத்தடிதான் பூந்தமல்லி போகும் ஷேர் ஆட்டோக்கள் நிற்கும் இடம். அங்கே மூர்த்தி என்று ஓர் ஓட்டுநர். முதல் நாள் சாயங்காலம் நான் ஏணியில் நின்று கொய்யாவைக் கட்டும்போது கீழேயிருந்து அவர் குரல் வந்தது.

"இன்னா டாக்டரம்மா, கொய்யாலாம் கட்டிகினு கீறே?"

"நோய் தீரணும்னு கட்டறேன் மூர்த்தி."

ஏணிக்குக் கிட்டே வந்தார். பிறகு தணிந்த குரலில், "எனக்குக்கூட ரொம்ப நாளா ஒண்ணு கீதுமா. தீருமா?"

வாயில் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தேன். காலுக்குக் கீழே ஏணி ஆடிக்கொண்டிருந்தது. "தீரும், தீரும்" என்றேன்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ஆனாலும் அந்த மரத்தடியில் நடந்த அத்தனை கூத்தும் அந்த 'தீரும், தீரும்' என்பதிலிருந்து புறப்பட்டதுதான்.

சிகிச்சை நன்றாகவே போயிற்று. நீல வாய்கள் பெருகின. புதிதாக விழுவது குறைந்தது. ஒரு நாள் மரத்தடியில் ஒரு வௌவாலைத் துண்டில் சுற்றிப் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். சண்முகராஜன் வந்து, வழக்கமான தூரத்தில் நின்றார்.

"தேறுதா மேடம்?"

"நல்லாவே தேறுது. இந்த முதுகைப் பாருங்க. போன வாரம் வழுவழுன்னு கெடந்துச்சு. இப்ப முடி முளைக்குது."

முதல்தடவையாக அவர் கிட்டே வந்தார். குனிந்து பார்த்தார். "புது முடியா?"

"புது முடிதான்."

"அந்தக் கொய்யாவுலயா?"

"அந்தக் கொய்யாவுலதான்."

அவர் தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவிவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டு போனார். ஒரு மனிதனின் வௌவால் பயத்தைப் போக்கிவிட்டேன் என்று அன்று முழுக்க எனக்கு ஒரே பெருமை. விழிப்புணர்வுப் பணியில் நமக்கு ஒரு கைராசி இருக்கிறது என்று வீட்டில்கூடச் சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் மரத்தில் நான் கட்டாத கொய்யாக்கள் தென்பட ஆரம்பித்தன. மருந்தோ சாயமோ இல்லாத முழுக் கொய்யா, மஞ்சள் நூலில் கட்டியது. அடுத்த நாள் ஓர் ஆப்பிள், ஸ்டிக்கரோடு. அதற்கடுத்து ஒரு பரீட்சை நுழைவுச்சீட்டின் நகல். ஓர் இளைஞர் தன் வேலை விண்ணப்பத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தாழ்ந்த கிளையில் மாட்டியிருந்தார். நெருக்கடியான சூழலில் சிறப்பாகப் பணியாற்றுவேன் என்று அதில் எழுதியிருந்தது. ஒரு வௌவால் அதன் மேலேயே காரியத்தை முடித்திருந்தது.

செல்வி என்ற பெண் மரத்தடியில் கொய்யா வண்டி போட்டுவிட்டார். "கட்டற கொய்யா இந்தாண்ட, துன்ற கொய்யா அந்தாண்ட" என்று பிரித்து வேறு வைத்திருந்தார். யாராவது பொழுதுபோகாமல் செய்கிறார்கள், தானாக அடங்கிவிடும் என்று நினைத்தேன். ஜனக்கூட்டத்தைப் பற்றி எனக்கு அப்போது தெரிந்தது அவ்வளவுதான். மாடுகள் இப்படிக் கூடுவதில்லை.

சங்கக் கூட்டம் வைத்திருந்த ஞாயிற்றுக்கிழமை காலை. கீழ்த்தளக் கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். நான் கொஞ்சம் முன்னாலேயே வந்து மரத்தடிக்குப் போனேன். செல்வி ஏணி போட்டு ஏறி, இரவு வௌவால்கள் தின்று மிச்சம் வைத்த என் நீலத் துண்டுகளைப் பறித்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். கீழே வரிசை நின்றது. மூர்த்தி வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பயபக்தியோடு நீட்டினார்.

"எட்த்துக்கோ டாக்டரம்மா. நீலகண்டப் பிரசாதம்."

அந்தத் துண்டின் ஓரத்தில் பல் பதிந்திருந்தது.

மருந்தைப் பற்றிக் கவலை இல்லை, மனிதருக்கும் கொடுக்கிற மருந்துதான், அளவும் கொஞ்சம். வௌவாலின் எச்சில்தான் பயம். வௌவால் கடித்த பழத்தைத் தொடாதீர்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்லுகிற ஆள் நான். என் மரத்தடியிலேயே அதைத் தட்டில் வைத்து விநியோகிக்கிறார்கள்.

"எத்தனை நாளா இது?"

"மொத நாள்லேந்து நான் துன்னுகினு கீறேன்மா. நீதான தீரும்னே? வருஷக்கணக்கா சொறிஞ்சிகினே கெடந்தேன், தூக்கமே கெடயாது. இப்பப் பாரு." முழங்கையைத் திருப்பிக் காட்டினார். சுத்தமாக இருந்தது. "சவாரிக்கு வர்றவங்க அல்லாருக்கும் சொல்லிட்டேன். பூந்தமல்லி வரைக்கும் தெரியும்."

சொறிக்கான மருந்தைத் தினம் தின்றிருக்கிறார், சொறி போய்விட்டது. இதில் அற்புதம் எங்கே இருக்கிறது என்று நான் சொல்லி யார் கேட்கப் போகிறார்கள்?

தட்டைப் பிடுங்கிக்கொண்டு, ஓர் ஓரமாகப் போய் என் மேலதிகாரிக்குப் போன் போட்டேன். என்னைவிட மிகவும் இளையவர் அவர். நான் மாட்டுக்குப் பிரசவம் பார்க்க ஆரம்பித்தபோது அவர் பள்ளிக்கூடம் போயிருந்தால் அதிகம். ஆனாலும் இந்தத் துறையில் எனக்கு வழி காட்டியது அவர்தான். நடந்ததைச் சொல்லிவிட்டு, என் மனதில் இருந்ததையும் மறைக்காமல் சொன்னேன். இவர்கள் இதைச் சாமி மரம் என்று நம்புகிற வரைக்கும் ஒருவனும் கோடாலியை எடுக்க மாட்டான். உண்மையைச் சொன்னால் இன்றைக்கே தீர்மானம் போடுவார்கள்.

அவர் நேராகவே கேட்டார். "டாக்டர், நாளைக்கு ஒருத்தர் காய்ச்சல்ல படுத்தா இந்த ஒரு மரம் மட்டுமா போகும்? ஆவடியிலேந்து குத்தம்பாக்கம் வரைக்கும் வௌவால் தொங்கற எந்த மரமும் மிஞ்சாது. போய்ச் சொல்லுங்க." போனை வைக்கப் போனவர், "சுருக்கமா சொல்லுங்க" என்றும் சேர்த்துக்கொண்டார். என்னைத் தெரிந்தவர்.

கார் நிறுத்துமிடத்தில் குடியிருப்பு மொத்தமும் இருந்தது. மூர்த்தியும் செல்வியும் வரிசையில் நின்றவர்களும் என் பின்னாலேயே வந்துவிட்டார்கள், தட்டு என் கையில் இருந்ததால். நான் முன்னால் போய் நின்று சொன்னேன். இது பிரசாதம் இல்லை. வௌவாலுக்கு வைத்த சொறி மருந்து. நீலம் சாயம். இதை யாரும் தின்னக் கூடாது.

"அப்ப எனக்கு எப்டிக் கொணமாச்சு?" என்றார் மூர்த்தி.

"உனக்கும் சொறிதான மூர்த்தி. சொறி மருந்து தின்னா சொறி போகும்."

"அதத்தான நானும் சொல்றேன்" என்றார். கூட்டம் அவரை ஆமோதித்துத் தலையாட்டியது.

அப்போது சண்முகராஜன் எழுந்தார். செயலாளர் தோரணையில் தொண்டையைச் செருமினார். "நான் அன்னைக்கே சொன்னேன். படிச்ச நாமளும் இப்படி மூடநம்பிக்கைல விழலாமா? மரத்த வெட்டுறதுக்கு..."

அவர் பேசப் பேச முன்வரிசை அவர் வாயையே பார்த்தது. பேச்சு தானாக நின்றது.

"சார்," என்றேன், "நாக்கை நீட்டுங்க."

நீட்டவில்லை. ஆனால் வாயை மூடவும் மறந்துவிட்டார். உள்ளே நல்ல நீலம், மயில் கழுத்து நிறம்.

"முடி முளைக்கும்னு நீங்கதான சொன்னீங்க மேடம்" என்றார், மிக மெதுவாக.

"வௌவாலுக்கு சார்."

யாரோ சிரித்தார்கள். நான் கூட்டத்தைப் பார்த்து, சாப்பிட்டவர்கள் எல்லோரும் நாக்கை நீட்டும்படி கேட்டேன். முதலில் மூர்த்தி. பிறகு மூன்றாம் மாடி வங்கி அதிகாரி. பிறகு அவர் மனைவி, மனைவி தின்றது கணவருக்குத் தெரியாது. ஒவ்வொன்றாக நீண்டன. பாதிக் கூட்டத்துக்கு நாக்கு நீலம். என் பணிக்காலத்தில் அப்படி ஒரு காட்சியை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் இல்லை.

சிரிப்பு அடங்கியதும் பயம் வந்தது. எச்சில் பட்டதா, ஐயோ, என்றார் ஒருவர். நாளைக்கே வெட்டிவிட வேண்டும் என்றார் இன்னொருவர். நான் பயந்த இடம் அதுதான். பதில் வாயைத் திறந்த பிறகுதான் வந்தது.

"வெட்டுங்க. ஆனா உங்களுக்கு ஏதாவது வருமா வராதான்னு தெரியணும்னா, அதுங்க எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியணும். அதுங்க எச்சில், மூத்திரம் எல்லாத்தையும் எடுத்துச் சோதனைக்கு அனுப்பணும், தெனம் பாக்கணும். மரத்த வெட்டிட்டா நான் எங்க போய்த் தேடுவேன்?"

சண்முகராஜன் நீல வாயோடு கேட்டார். "அப்ப அதுங்க நல்லாருந்தா நாங்க நல்லாருப்போம். அப்படித்தான மேடம்?"

"கிட்டத்தட்ட அப்படித்தான் சார்."

அவர் உட்கார்ந்தார். தீர்மானத்தைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை, வேறு காரணத்துக்காகவும்தான்.

தின்றவர்கள் எல்லோரையும் அன்றே சுகாதார நிலைய மருத்துவர் வந்து பார்த்தார். காய்ச்சல் வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. செல்வி வண்டியைக் கோவில் பக்கம் மாற்றிக்கொண்டார். மரத்தைச் சுற்றி வேலி போட்டு, பழத்தை எட்டாத உயரத்தில் கட்டி, மிச்சத்தை விடிந்ததும் நானே இறக்கி எரித்தேன். சோதனை முடிவு வரும் வரைக்கும் எனக்குச் சரியான தூக்கமில்லை. வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன், ஆனால் அந்த நாட்களில் போனைத் தலையணைக்கு அடியிலேயே வைத்துக்கொண்டு படுத்தேன்.

போன் நிறைய அடித்தது. எல்லாம் வௌவாலின் உடல்நிலை விசாரிப்பு. "மேடம், தெக்குப் பக்கக் கெளைல ஒண்ணு தும்முச்சு." "மேடம், ஒண்ணு கொட்டாவி விட்டுக்கிட்டே இருக்கு, அது சாதாரணமா?" பால்கனிக்குப் பால்கனி தொலைநோக்கி முளைத்தது. வங்கி அதிகாரியின் மனைவி ஒரு குறிப்பிட்ட தாய் வௌவாலுக்குப் பொறுப்பேற்றுக்கொண்டு, அது எப்போது குட்டியை நக்குகிறது என்பது வரை செய்தி அனுப்பினார். மூர்த்தி மரத்தடியில் யாரையும் ஹாரன் அடிக்க விடவில்லை. "அய்யே, சும்மா இரு நைனா, பேஷண்டுங்க தூங்குது" என்று சக ஓட்டுநர்களை அடக்குவார். என் பத்து விழிப்புணர்வுக் கூட்டங்களில் நடக்காத காரியம் இது. தங்கள் உயிர் அந்தக் கிளையில் தொங்குகிறது என்று ஆன பிறகு, மேலே நிமிர்ந்து பார்க்காதவர் ஒருவர் இல்லை.

சோதனையில் பயப்படும்படி ஒன்றும் இல்லை என்று வந்தது. ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை. சொல்லிவிட்டேன், இனிமேல் போன் நிற்கும் என்று எதிர்பார்த்தேன். நிற்கவில்லை.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். உங்கள் வாயிலிருந்து என்ன வந்தது என்பதோடு வேலை முடிந்துவிடாது. கீழே நிற்பவர் காதில் என்னவாகப் போய் விழுந்தது என்று ஏணியிலிருந்து இறங்கி ஒரு வார்த்தை கேளுங்கள். மரத்தைக் காப்பாற்றுகிறதே என்று ஒரு பொய்யை வளரவிட ஆசை வரும். எனக்கும் வந்தது. அந்த ஆசை வரும்போது உங்களைவிட இளையவராக இருந்தாலும் சரி, தெளிவாக யோசிக்கிற ஒருவருக்குப் போன் போடுங்கள்.

கடைசியாக அந்த மரத்துக்குப் போன சாயங்காலத்தைச் சொல்லி முடிக்கிறேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கொய்யாத் துண்டுகளைக் கட்டிவிட்டு வேலிக்கு வெளியே வந்து நின்றேன். சண்முகராஜனும் வந்து பக்கத்தில் நின்றார். வௌவால்கள் ஒவ்வொன்றாகக் கிளையை விட்டுக் கழன்று, குட்டைக்கு மேலே ஒரு வட்டம் போட்டு, பூந்தமல்லிப் பக்கம் பறந்தன. கொஞ்ச நேரத்தில் மரம் காலியாகிவிட்டது. பழம் கம்பியிலேயே இருந்தது. ஒன்றும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சண்முகராஜன் முகம் வாடிவிட்டது. "கொய்யா அலுத்துப்போச்சோ மேடம்? சப்போட்டா வாங்கிட்டு வரட்டுமா?"

"வேண்டாம் சார். எல்லாத்துக்கும் குணமாயிடுச்சு. தானே போய்த் தின்னுக்கும்."

காலிக் கிளைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப இனிமே வராதா?"

"வரும் சார். விடியறதுக்குள்ள வந்துடும்" என்றேன். "அதுங்களுக்கு வீடு இதுதானே."

"அதான," என்றார் அவர். "நமக்கும் இதுதான."